டி.வி.யில் நகை செய்து காட்டுகிறார்கள். சரக்கு எந்தக் கடையில் விற்கிறது?

பொருட்காட்சிக்குப் போய்வந்த எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்போம். ஓரமாக ஒரு மேஜை. அதன்மேல் கேரட், முள்ளங்கி, வெள்ளரிக்காய். கழுத்தில் மைக் மாட்டிய ஒருவர் கையடக்கமான ஒரு கருவியில் கேரட்டைப் பூப்பூவாகச் சீவிக்கொண்டே பேசுவார். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். அதே கருவி பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் குறைவாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து நாம் சீவினால் பூ வராது என்பது வேறு விஷயம்.

செய்து காட்டி விற்பது வணிகத்தின் மிகப் பழைய முறை. அதை டி.வி.க்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் சிகாகோ நகரில் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் காய் நறுக்கிக் காட்டி விற்ற ரான் போபீல். 1950களிலேயே டி.வி. விளம்பரத்தில் இறங்கி, 1964இல் ரான்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2021இல் காலமாகும் வரை அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக இருந்தவர். அவர் பிறவி வியாபாரி. வாயே அவருக்கு மூலதனம்.

அவருக்குப் பின்னால் டி.வி.க்குப் போன இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் வியாபாரிகள் அல்லர், கைவினைக் கலைஞர்கள். மணி கோத்து, கம்பி வளைத்து, களிமண் பிசைந்து நகை செய்துகொண்டிருந்த வடிவமைப்பாளர்கள். தாம் செய்த நகையை விற்பதை விட்டுவிட்டு, அதைச் செய்யும் விதத்தைக் கேமரா முன்னால் காட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். டி.வி.யில் நகை செய்து காட்டினால் விற்பது நகை அன்று. நகை செய்யத் தேவையான சாமான். அந்தச் சாமான் பட்டியலில் பாதி, மளிகைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் இருக்கிற சரக்கு. எப்படி என்பதைப் பார்ப்போம்.

சுட்டால் இறுகும் களிமண்

முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பாலிமர் களிமண் என்று ஒன்று. பெயர்தான் களிமண், அதில் மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி. பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூளை, இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளோடும் நிறத்தோடும் சேர்த்துப் பிசைந்த மாவு. காற்றில் வைத்தால் காய்ந்துபோகாது. வீட்டில் கேக் சுடும் ஓவனில் 110 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை, அந்தந்தக் கம்பெனி சொல்லும் சூட்டில் வைத்தால் இறுகிவிடும். பிறகு துளையிடலாம், தேய்க்கலாம், மெருகு ஏற்றலாம். சூளை வேண்டாம், பட்டறை வேண்டாம். சமையலறையே போதும்.

ஜெர்மனியில் பொம்மை செய்வதில் புகழ்பெற்ற கேத்தே குரூசே குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர் உருவாக்கியதை, எபர்ஹார்ட் ஃபேபர் என்ற பென்சில் கம்பெனி வாங்கி 1960களில் ஃபைமோ என்ற பெயரில் விற்றது. அமெரிக்காவில் பாலிஃபார்ம் என்ற கம்பெனி வேறு வழியாக இதே போன்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. மின்மாற்றியில் வெப்பத்தைக் கடத்துவதற்காக அவர்கள் தயாரித்த கலவை அந்த வேலைக்கு உதவவில்லை. பிசைந்து சுட்டுப் பார்த்தபோது நல்ல களிமண்ணாக இருந்தது. அதுதான் ஸ்கல்பி. விற்காத சரக்கை வேறு பெயரில், வேறு வாடிக்கையாளரிடம் விற்ற கதை நம்மவர்களுக்குப் புதிதன்று.

பல காலம் இது பிள்ளைகள் விளையாடும் பொருளாகவும் பொம்மை செய்பவர்களின் பொருளாகவுமே இருந்தது. 1980களில்தான் அமெரிக்க நகைக் கலைஞர்கள் சிலர் இதைக் கையில் எடுத்தார்கள். 1991இல் நேன் ரோச் எழுதிய 'தி நியூ கிளே' என்ற புத்தகம் வந்தபின் பரவலாயிற்று.

இவர்கள் செய்த வித்தையில் முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். வாழைத்தண்டை எந்த இடத்தில் வெட்டினாலும் அதே வட்டம்தான் தெரியும், இல்லையா? அதுபோலப் பல நிறக் களிமண்ணைத் தகடாகவும் குச்சியாகவும் உருட்டி, உள்ளே ஒரு பூவின் உருவம் வரும்படி அடுக்கி, ஒரே உருளையாக்குவார்கள். பிளேடால் வெட்டினால் வெட்டிய இடமெல்லாம் அதே பூ. இன்னும் விசேஷம் என்னவென்றால், மணிக்கட்டுத் தடிமன் உள்ள அந்த உருளையை அமுக்கி இழுத்துப் பென்சில் தடிமனுக்குக் கொண்டுவந்தாலும் பூ அழிவதில்லை, சிறுத்துப்போகிறது, அவ்வளவுதான். இத்தாலியின் முரானோ தீவில் கண்ணாடி மணி செய்பவர்கள் நெருப்பில் செய்துவந்த வேலை இது. அதையே இவர்கள் சமையல் மேஜையில் செய்தார்கள். ஒரு உருளையை மெல்லிய வில்லைகளாக வெட்டினால் பல டஜன் மணிகளுக்கு மேல் ஒட்டலாம்.

தகடு உருட்டுவதற்கு இவர்கள் எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? இத்தாலிக்காரர்கள் வீட்டில் பாஸ்தா செய்யக் கைப்பிடியைச் சுற்றுவார்களே, அந்த மாவு மெஷினை. அச்சில் ஒட்டாமல் இருக்கக் கார்ன் ஃப்ளோர் மாவு. சுடும்போது மணிகளுக்கு அடியில் அலுமினிய ஃபாயில். கையில் ஒட்டிய நிறத்தைத் துடைக்கக் குழந்தைகளுக்கு வாங்கும் ஈரத் துணித்தாள். களிமண் கட்டியைத் தவிர மற்றதெல்லாம் யார் கடைச் சரக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கை இரண்டுதான்

இனி அந்த வடிவமைப்பாளரின் கணக்குக்கு வருவோம். ஒரு மாலை செய்ய ஒன்றரை நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் பதினைந்து இருபது மாலைதான் வரும். வார இறுதிச் சந்தையில் கடை போட வாடகை, போக்குவரத்துச் செலவு, மழை பெய்தால் வியாபாரம் இல்லை. விலையை ஏற்றினால் வாங்க ஆளில்லை. ஏற்றாவிட்டால் கூலி கட்டாது. ஆள் வைத்துச் செய்தால் கைவேலை என்ற பெயர் போகும். நமக்கு வியாபாரம் பெருகினால் இன்னொரு பையனை வேலைக்கு வைக்கலாம், குடோன் எடுக்கலாம். கைவினைஞருக்கு இருப்பது இரண்டு கை, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம். வருமானத்துக்கு மேலே ஒரு மூடி போட்டாற்போல.

அந்த மூடியைத் திறக்க அவர்களுக்குத் தெரிந்த வழி, கற்றுக்கொடுப்பது. அமெரிக்கச் சிறு நகரங்களில் மணிக் கடைகள் இருந்தன. கடையின் பின்புறம் ஒரு நீள மேஜை இருக்கும். சனிக்கிழமை பத்துப் பேரை உட்காரவைத்து வகுப்பு நடத்துவார்கள். வகுப்புக் கட்டணம் கலைஞருக்கு; மணி, கம்பி, குறடு, கொக்கி விற்கிற லாபம் கடைக்காரருக்கு. இருவருக்கும் பாதகமில்லாத ஏற்பாடு. பிறகு பத்திரிகைகளில் செய்முறை எழுதுவது, புத்தகம் போடுவது, களிமண் அல்லது கம்பி தயாரிக்கும் கம்பெனிக்காகக் கண்காட்சியில் செய்து காட்டுவது. டி.வி. இதற்கெல்லாம் மேல்படி.

ஆனால் படி ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி எழும். பல வருஷம் விரலைத் தேய்த்துக் கண்டுபிடித்த நுணுக்கத்தை ஊருக்கே சொல்லிவிட்டால், நாளைக்கு என்னிடம் மாலை வாங்குவது யார்? தொழில் ரகசியம் என்றால் நம் ஊரிலும் பெற்ற பிள்ளைக்குக்கூட முழுதும் சொல்லாத பெரியவர்கள் உண்டு. அது வெறும் கஞ்சத்தனம் அன்று. பிழைப்பைக் காக்கும் அச்சம். நகைக் கலைஞர்கள் மத்தியிலும் இந்த அச்சம் இருந்தது, நியாயமாகவே இருந்தது. டி.வி.யில் காட்டிய வடிவம் அடுத்த மாதமே யாரோ ஒருவரின் சந்தைக் கடையில் தொங்கும். விலையும் இறங்கும். இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கேமராவுக்கு ஏற்ற சமையல்

1994ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில் எச்.ஜி.டி.வி. என்ற கேபிள் சேனல் தொடங்கியது. வீடு, தோட்டம் சம்பந்தமான நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு சேனல். தலைமையகம் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரம். அதில் 'தி கேரல் டுவால் ஷோ' என்ற கைவினை நிகழ்ச்சி 1994 முதல் 2005 வரை ஓடியது. நடத்திய கேரல் டுவால் அம்மையார் 1950களிலிருந்தே மிச்சிகன் மாநில டி.வி.யில் இருந்தவர், இந்த நிகழ்ச்சி தொடங்கும்போது அறுபதைத் தாண்டியிருந்தார். 2023இல் தம் 97ஆம் வயதில் காலமானார். வாரந்தோறும் வெவ்வேறு கலைஞர்களை மேஜைக்கு அழைத்துவந்து, அவர்கள் செய்ய, தாம் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார். பார்க்கிற இல்லத்தரசி என்ன கேட்பாரோ அதையே கேட்பார். அந்த இடத்தில்தான் அவர் திறமை.

மேஜைக்கு வந்த கலைஞருக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். மணி சுடுவதற்கே அரைமணி ஆகும். எனவே சமையல் நிகழ்ச்சியில் ஊறவைத்தது, அரைத்தது, வெந்தது என்று தனித்தனிக் கிண்ணம் வைப்பதுபோல இவர்களும் தட்டுத் தட்டாக முன்கூட்டியே செய்து கொண்டுவர வேண்டும். பிசையாத கட்டி ஒரு தட்டு, அடுக்கிய உருளை ஒரு தட்டு, பாதி ஒட்டிய மணி ஒன்று, சுட்டது ஒன்று, மெருகிட்டுக் கோத்த மாலை ஒன்று. சில நிமிஷக் காட்சிக்குப் பின்னால் சில நாள் உழைப்பு இருக்கிறது. கை நடுங்கக் கூடாது; நகத்தில் அழுக்கு இருக்கக் கூடாது, ஏனென்றால் கேமரா முகத்தைவிட விரலைத்தான் அதிகம் பார்க்கும். கலைஞருக்கு நேராகத் தெரிவது பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியக்கூடும். அதற்கேற்பக் கையை வைத்துப் பழக வேண்டும். வாய் ஒன்றைச் சொல்லும்போது கை அதையே செய்ய வேண்டும். நல்ல கலைஞர்கள் பலர் இங்கேதான் தடுமாறினார்கள். தனியே உட்கார்ந்து மௌனமாக வேலை செய்து பழகியவர்களுக்குப் பேசிக்கொண்டே செய்வது புதுத் தொழில்.

பாலிமர் களிமண் இந்த மேஜைக்கென்றே பிறந்தது என்று சொல்லலாம். உருளையை எடுத்துப் பிளேடால் ஒரு வெட்டு, வில்லை சாய்ந்து விழுகிறது, உள்ளே பூ. பார்ப்பவர் 'அட' என்று சொல்லுமிடம் அது. வைரம் பட்டை தீட்டுவதை டி.வி.யில் காட்டினால் ரசிப்பார்கள். ஆனால் நாமும் செய்வோம் என்று கடைக்கு ஓடமாட்டார்கள். இதைப் பார்த்தால் ஓடினார்கள்.

அப்படி அந்த மேஜைக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களில் ஒருவர் டோனா காட்டோ. பாலிமர் களிமண்ணில் நகை செய்யும் கலைஞர். அவருடைய 'தி ஆர்ட் ஆஃப் பாலிமர் கிளே' என்ற புத்தகம் 1997இல் வந்தது. டி.வி. மேஜை, புத்தகம், ஊர் ஊராக வகுப்பு என்று மூன்றும் ஒன்றுக்கொன்று வாடிக்கையாளரை அனுப்பின. அதற்குப் பின் அவர் எடுத்து வைத்த அடிதான் வணிகர்கள் கவனிக்க வேண்டியது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வான் ஏக்கன் என்ற களிமண் கம்பெனியோடு சேர்ந்து, தம் பெயரையே பிராண்டாகக் கொண்ட காட்டோ பாலிகிளே என்ற களிமண்ணைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உருளையை இழுக்கும்போது பூ கோணாமல் இருக்க வேண்டும், கைச் சூட்டில் குழைந்துபோகக் கூடாது, சுட்டபின் வளைத்தால் ஒடியக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பொருளை ஆயிரம் தடவை கையில் வைத்துக் காட்டியவருக்குத்தான் தெரியும். மற்றவர் சரக்கைக் காட்டித் தேர்ந்தவர், தம் பெயரில் சரக்குப் போட்டார். மாலையின் விலை இறங்கியதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. மாலை செய்கிற ஒவ்வொருவரும் அவருக்கு வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. மேஜைக்கு வந்துபோன பலர் பெயர் கொஞ்சம் தெரிந்ததோடு பழைய இடத்துக்கே திரும்பினார்கள். கடைசிவரை போனவர்களின் கதையை மட்டும் வைத்துத் தொழிலை எடைபோடக் கூடாது.

விலையும் கடிகாரமும் ஓடும் திரை

டுவால் அம்மையாரின் மேஜை கற்றுக்கொடுக்கும் மேஜை. அங்கேயே விற்பனை இல்லை. அமெரிக்க டி.வி.யில் நகை செய்து காட்டும் இன்னொரு மேஜை உண்டு. அது சுத்தமான கடை.

அந்தக் கடை பிறந்த கதை வேடிக்கையானது. 1977இல் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு சின்ன ரேடியோ நிலையம். விளம்பரம் கொடுத்த ஒருவரால் பாக்கியைக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக டப்பா திறக்கும் மின்கருவி 112ஐக் கொடுத்துவிட்டார். நிலைய உரிமையாளர் பட் பாக்சன், அறிவிப்பாளரிடம் அவற்றை ரேடியோவிலேயே விற்கச் சொன்னார். விற்றுத் தீர்ந்தன. வராத பாக்கிக்குச் சரக்கை எடுத்துக்கொண்டு தலையில் கைவைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த மனிதர் அதிலிருந்து ஒரு தொழிலையே உண்டாக்கினார். 1982இல் உள்ளூர்க் கேபிளில் டி.வி. விற்பனை, 1985இல் நாடு முழுவதும். அதுதான் எச்.எஸ்.என். 1986 நவம்பரில் பென்சில்வேனியாவிலிருந்து கியூ.வி.சி. வந்தது. 1993இல் டென்னசியில் தொடங்கிய இன்னொரு சேனல் பின்னாளில் ஜுவல்லரி டெலிவிஷன் என்ற பெயரில் நகையும் ரத்தினமும் விற்றது. 'ஜுவல் ஸ்கூல்' என்ற நிகழ்ச்சியில் வடிவமைப்பாளர்களை அழைத்துவந்து நகை செய்யவைத்து, மணியும் கம்பியும் கருவியும் அடங்கிய செட்டுகளை விற்றது. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரிலிருந்து கிரியேட் அண்ட் கிராஃப்ட் என்ற சேனல் 2003இல் தொடங்கியது.

இங்கே வரும் வடிவமைப்பாளரின் நிலை வேறு. திரையின் ஓரத்தில் விலை, சரக்கு எண். காதில் ஒரு சிறு கருவி. எந்த நிறம் போகிறது, எது தேங்குகிறது என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீல மணி போகவில்லை என்றால் கையிலிருக்கும் சிவப்பைக் கீழே வைத்து நீலத்தை எடுக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு விற்றது என்பதே கணக்கு. கல்லாப் பக்கம் உட்கார்ந்தவருக்கு இது புரியும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது பொதுவாகச் சேனல் அன்று, செட்டைச் சப்ளை செய்யும் கம்பெனி. நம் கடை வாசலில் சோப்புக் கம்பெனி ஆளை நிறுத்துவதுபோல.

செய்தவரே வந்து காட்டினால் விற்பனை எப்படி மாறும் என்பதற்கு நகைத் தொழிலுக்கு வெளியே ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. ஜாய் மங்கானோ என்ற பெண்மணி, கையால் தொடாமல் பிழியக்கூடிய தரை துடைப்பான் ஒன்றை 1990இல் உருவாக்கினார். கியூ.வி.சி. அதை எடுத்துக்கொண்டது, வேறொருவர் காட்டியபோது சரியாகப் போகவில்லை. 1992இல் அவரே திரையில் வந்து துடைத்துக் காட்டினார். அரைமணிக்குள் 18,000 துடைப்பான் விற்றன. நகைச் செட்டுக்காரர்கள் வடிவமைப்பாளரைத் தேடிப் போனதன் காரணம் இதிலேயே இருக்கிறது.

ஆனால் விற்காமல் போனால்? இந்தச் சேனல்கள் பல சரக்குகளை, விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமையோடு எடுப்பது வழக்கம். சேனலுக்கு அனுப்ப ஆயிரக்கணக்கில் செட் கட்ட வேண்டும். மணி கொள்முதல், பெட்டி, கூலி எல்லாம் சப்ளை செய்பவர் தலையில். பெரிய கம்பெனி தாங்கும். தன் சேமிப்பைப் போட்டுத் தானே செட் கட்டிய வடிவமைப்பாளர் ஒரு மோசமான அரைமணியில் வீட்டுக் கூடம் நிறையப் பெட்டியோடு நிற்பார்.

இதை எழுதும்போது என் கடையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு மசாலாக் கம்பெனியின் ஆள் வந்து, வாசலில் அடுப்பு மூட்டிக் குருமா செய்து காட்ட ஒரு பெண்ணை இரண்டு நாள் நிறுத்தினார். கூட்டம் நெருங்கியது, இரண்டு பெட்டி போகும் இடத்தில் பதினொரு பெட்டி போயிற்று. அந்தச் சூட்டில் அவர் நாற்பது பெட்டிக்கு ஆர்டர் எழுதினார்; நானும் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் அடுப்பும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, வாசனையும் இல்லை. 'போகாவிட்டால் எடுத்துக்கொள்கிறோம்' என்று வாயால் சொன்னது தேதி முடியும்போது யாருக்கும் நினைவில் இல்லை. காட்டுகிற நாள் விற்பனையை வைத்து மறுமாதக் கொள்முதலைத் தீர்மானித்தது என் தவறு. கற்றது கொஞ்சம் விலை உயர்ந்த பாடம்.

கடைக்காரர் பக்கம்

மணிக் கடைக்கும் கைவினைச் சாமான் கடைக்கும் இந்த நிகழ்ச்சிகளால் நன்மையா தீமையா? இரண்டும்தான், ஆனால் ஒரே அளவில் அன்று.

டுவால் அம்மையாரின் நிகழ்ச்சி போன்றவை கடைக்கு வாடிக்கையாளரை அனுப்பின. பாலிமர் களிமண் 57 கிராம் கட்டியாக, ஒரு கட்டிக்கு ஒரு நிறமாக விற்பது. ஒரு பூவுக்கு நான்கைந்து நிறம் வேண்டும். ஆக ஒருவர் வந்தால் ஐந்து கட்டி. கூடவே பிளேடு, உருட்டுக் கட்டை, தோட்டுக் கொக்கி. சிறு பாக்கெட் வியாபாரத்தின் ருசி தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நிகழ்ச்சியைத் தானும் பார்த்து, அதில் காட்டியதை அலமாரியில் ஒன்றாக எடுத்துவைத்த கடைக்காரருக்கு வியாபாரம் ஆயிற்று. பார்க்காதவர் 'அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லையே' என்று சொல்லி அனுப்பினார். சரக்கு அவர் கடையிலேயே, வேறு பெயரில், வேறு வரிசையில் கிடந்திருக்கும்.

விற்பனைச் சேனல் வேறு மாதிரி. அது செட்டாகக் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடும். முன்பு மணிக் கடையின் பின்மேஜையில் வகுப்பெடுத்த அதே கலைஞர், இப்போது திரையில் நின்று அந்தக் கடையின் வாடிக்கையாளருக்கு நேராக விற்கிறார். கடைக்காரருக்கு இது வலிக்கும். கலைஞரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கும் இரண்டு கைதான் என்று முன்பே பார்த்தோம். இருந்தாலும் செட்டில் வராத ஒன்று உண்டு. மூன்றாவது மணியிலேயே நூல் அறுந்துபோனவர் செட் அனுப்பிய சேனலிடம் போகமாட்டார். பக்கத்துக் கடைக்குத்தான் வருவார். வந்தவரை 'எங்கே வாங்கினீர்களோ அங்கே கேளுங்கள்' என்று அனுப்பாத கடைகள் அவரைத் தக்கவைத்துக்கொண்டன.

நேர்மையான கடைக்காரர் சொல்லித்தர வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. களிமண் உருட்டிய பாஸ்தா மெஷினையும், வெட்டிய கத்தியையும், சுட்ட தட்டையும் மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது; தனியே வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன அளவுக்கு மேல் சூடேறிக் கருகினால் பி.வி.சி.யிலிருந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமிலப் புகை வரும். ஓவனை அணைத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். நல்ல செய்முறையாளர்கள் இதைச் சொல்லத் தவறியதில்லை. விறுவிறுப்பான சில நிமிஷத்தில் காதில் விழுந்ததா என்பது வேறு.

நிகழ்ச்சிகளின் காலமும் முடிந்தது. 2000க்குப் பிறகு எச்.ஜி.டி.வி. வீடு வாங்குவது, விற்பது, புதுப்பிப்பது என்ற பக்கம் சாய்ந்தது. டுவால் அம்மையாரின் நிகழ்ச்சி அங்கே 2005இல் நின்றது. எச்.எஸ்.என்.னும் கியூ.வி.சி.யும் 2017இல் ஒரே உரிமையாளரிடம் வந்தன, 2025இல் எச்.எஸ்.என். தன் ஃபுளோரிடா வளாகத்தை மூடிக்கொண்டு பென்சில்வேனியாவுக்கு இடம்பெயர்வதாக அறிவித்தது. கைவினைச் சாமான் விற்ற பெரிய கடைத் தொடர் ஒன்று, 1943இல் ஒஹையோவில் தொடங்கிய ஜோ-ஆன், நாடெங்கும் எண்ணூறு கடை வைத்திருந்தது, 2025 மே மாதத்தோடு அத்தனையையும் மூடியது. டி.வி. சேனல் தன்னை விழுங்கிவிடும் என்று கடைகள் பயந்த காலத்தில் சேனலையும் கடையையும் சேர்த்து இன்னொன்று விழுங்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

நகை செய்து காட்டுகிறவர்கள் மட்டும் தொழிலை விடவில்லை. மேஜையை வீட்டுக்கே கொண்டுபோய், மேலே ஒரு செல்போனை மாட்டி, அதே தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு காட்டுகிறார்கள். இப்போது நம் கடைக்கு வரும் பெண்களும் பட்டியல் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஓடுகிற படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, செல்போனை நம் முகத்துக்கு நேரே நீட்டி, 'அண்ணாச்சி, இந்த மாவு உங்ககிட்ட இருக்கா?' என்று கேட்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், கார்ன் ஃப்ளோர்.